படுக்கையருகே நர்சிங் பிராசஸ்: ஒரு நோயாளி, ஐந்து படிகள், முழு வழிகாட்டி

கேர் பிளான், அதாவது ஒரு நோயாளிக்கு நர்ஸ் எழுதும் கவனிப்புத் திட்டம் என்றாலே நம் நர்சிங் மாணவிகளுக்கு ஞாபகம் வருவது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டும், அதில் ஆறு கட்டமும், எக்ஸ்டர்னல் எக்ஸாமினரின் முகமும்தான். சீனியர் அக்காவின் நோட்டை வாங்கி, பெயரையும் பெட் நம்பரையும் மாற்றி, "தொற்று வர வாய்ப்பு", "தூக்கமின்மை", "பயம்" என்று யாருக்கும் பொருந்துகிற நாலைந்து பிரச்சினைகளை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது. அப்புறம் வேலைக்குச் சேர்ந்ததும் "அதெல்லாம் காலேஜோட போச்சு, இங்கே முப்பது நோயாளிக்கு ரெண்டு ஸ்டாஃப், யாருக்கு நேரம்?" என்ற பேச்சு வரும். நேரம் இல்லை என்பது நிஜம். ஆனால் நல்ல ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் வார்டுக்குள் நுழைந்து பத்து நிமிடத்தில் "அந்த மூணாவது பெட் சரியில்லை" என்று சொல்கிறாரே, அவர் தலைக்குள் ஓடுவதும் நர்சிங் பிராசஸின் இதே ஐந்து படிகள்தான். எழுதாமல் ஓடுகிறது, அவ்வளவே.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் தேர்வில் கேட்பார்கள். 1955-இல் அமெரிக்காவின் லிடியா ஹால் நர்சிங் என்பது ஒரு பிராசஸ் என்று பேசத் தொடங்கினார். 1961-இல் ஐடா ஜீன் ஆர்லாண்டோ, நோயாளி எப்படி நடந்துகொள்கிறார், அதைப் பார்த்து நர்ஸ் என்ன நினைக்கிறார், பிறகு என்ன செய்கிறார் என்பதைப் பிரித்து விளக்கினார். 1967-இல் ஹெலன் யூராவும் மேரி வால்ஷும் அதை நான்கு படிகளாக எழுதினார்கள்: மதிப்பிடுதல், திட்டமிடுதல், செயல்படுத்துதல், பலனை ஆராய்தல். 1973-இல் அமெரிக்க நர்ஸஸ் அசோசியேஷன் வெளியிட்ட தர விதிகளில் நர்சிங் டயக்னோசிஸ் தனிப் படியாக நுழைந்தது. அதே ஆண்டு செயின்ட் லூயிஸில் டயக்னோசிஸ்களை வகைப்படுத்த முதல் மாநாடு நடந்தது. அந்த முயற்சிதான் 1982-இல் நான்டா என்ற அமைப்பாக மாறியது. வரலாறு இவ்வளவு போதும்.

இனி வார்டுக்குப் போவோம். ஐந்து படிகளையும் ஒரே நோயாளியை வைத்துப் பார்க்கலாம். இவர் உதாரணத்துக்காக நான் உருவாக்கிய ஆள், ஆனால் எந்த சர்ஜரி வார்டிலும் இப்படி ஒருவர் படுத்திருப்பார்.

ஈரோடு பக்கம் ஒரு கிராமத்துப் பெரியவர், வயது 62, எடை 58 கிலோ. முப்பது வருஷத்துக்கும் மேலாக பீடி. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாகவே மாத்திரை வாங்கிப் போட்டு வந்திருக்கிறார். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது, டியோடினத்தில் (சிறுகுடலின் தொடக்கத்தில்) இருந்த புண் ஓட்டையாகிவிட்டது என்று ராத்திரியே வயிற்றைத் திறந்து ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். இன்று அறுவைக்கு மறுநாள். மூக்கு வழியாக இரைப்பைக்குள் ரைல்ஸ் டியூப், வயிற்றில் திரவத்தை வெளியே எடுக்கும் டிரெயின், கதீட்டர் என்ற மூத்திரக் குழாயோடு யூரின் பேக், கையில் ஐவி. வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பது ஆர்டர். காலை டியூட்டிக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

முதல் படி: அசெஸ்மெண்ட்

இந்தப் படியில்தான் அதிக நேரம் போக வேண்டும். நடைமுறையில் மிகக் குறைவாகப் போவதும் இதில்தான். ராத்திரி டியூட்டி ஸ்டாஃப் ஹேண்டோவரில் சொன்னது, கேஸ் ஷீட்டில் இருப்பது, லேப் ரிசல்ட், கூட இருக்கும் மனைவி சொல்வது எல்லாம் தகவல்தான், ஆனால் இரண்டாம் கை. நோயாளி வாயால் சொல்வதும், உங்கள் கண்ணும் காதும் கையும் எடுத்ததும் முதல் கை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும்.

நோயாளி சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "மூச்சு முட்டுதுங்க", "வயிறு உப்புசமா இருக்கு", "கிறுகிறுன்னு வருது" என்று அவர் சொன்னால் அதை அப்படியே குறியுங்கள். "மூச்சுத் திணறல் உள்ளது" என்று நீங்கள் மாற்றி எழுதும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள். முடிவு அடுத்த படியில்தான்.

பெரியவரிடம் போகிறீர்கள். "ஐயா, வலி எப்படிங்க இருக்கு?" "பரவால்ல கண்ணு." நம் ஊரில் இந்தப் பதிலை நம்பி வலி இல்லை என்று எழுதினால் முதல் படியிலேயே எல்லாம் கோணிக்கொள்ளும். பாதிப் பேர் நர்ஸம்மாவுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று சொல்கிறார்கள், மீதிப் பேருக்கு ஆம்பளை வலியைச் சொல்லக் கூடாது. அதனால் கேள்வியை மாற்றுங்கள். "பத்து மார்க்குக்கு எத்தனை மார்க் வலிங்க ஐயா, பத்துன்னா உயிர் போற வலி?" என்று கேட்டால் "சும்மா கெடந்தா நாலு" என்கிறார். அங்கே நிறுத்தாதீர்கள். "எங்கே, ஒருதரம் இருமுங்க பார்ப்போம்." இரண்டு கையும் சட்டென்று வயிற்றுக்குப் போகிறது, கண்ணை இறுக்கி மூடுகிறார், இருமல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இப்போது கேட்டால் "ஏழு எட்டு இருக்கும் கண்ணு." படுத்துக் கிடக்கும்போது வலி நான்கு, இருமும்போது ஏழு. இந்த வித்தியாசம் இல்லாவிட்டால் அடுத்து வரும் எதையும் உருப்படியாக எழுத முடியாது.

அடுத்து வைட்டல்ஸ். காய்ச்சல் 100.2 டிகிரி ஃபாரன்ஹீட், நாடி 102, பிபி 138/86, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, தனியாக ஆக்சிஜன் வைக்காமல் 94. மூச்சு நிமிடத்துக்கு 24, மேலோட்டமாக. மூச்சைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பல வார்டு சார்ட்டுகளில் எல்லா நோயாளியும் நிமிடத்துக்கு 18 அல்லது 20 தடவை மூச்சு விடுகிறார்கள், ஒரே தாளத்தில், பஜனை மாதிரி. யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நோயாளி மோசமாகப் போகும்போது பிபி குறைவதற்கு முன்பே பல நேரம் மாறுவது மூச்சு எண்ணிக்கைதான். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார், அதனால் நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சைப் பாருங்கள்.

ஸ்டெத்தை முதுகில், கீழ்ப்பகுதியில் வையுங்கள். முன்னால் மட்டும் கேட்டுவிட்டுப் போவது சுலபம், ஆனால் படுத்தே இருப்பவருக்குக் காற்று குறைவது நுரையீரலின் அடிப்பகுதியில். இவருக்கு இரண்டு பக்கமும் அடியில் காற்று குறைவு, சளியின் கரகரப்பு. வயிற்றைப் பார்க்கும்போது வரிசை மாறும்: முதலில் பார்ப்பது, பிறகு கேட்பது, தட்டுவதும் தொடுவதும் கடைசியில், ஏனென்றால் முதலிலேயே அழுத்தினால் குடல் சத்தம் மாறிவிடும். அறுத்த மறுநாள் வயிற்றை அழுத்திப் பார்க்கிற வேலையை சர்ஜனிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் உப்புசம், டிரெஸ்ஸிங் நனைந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

குழாய்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிரெயினில் வருவது லேசான ரத்தம் கலந்த நீரா, பச்சையா, சீழா? பச்சையாக, அதாவது பித்தம் கலந்து வந்தால் அடைத்த இடம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். யூரின் பேக்கில் கடைசி நான்கு மணி நேரத்தில் 140 மில்லி, மணிக்கு 35. எடைக்குக் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும் என்பது கணக்கு, அப்படிப் பார்த்தால் இவருக்குக் குறைந்தது 29 வேண்டும், 35 வந்திருக்கிறது. சரி, போதும், ஆனால் தாராளமில்லை. ஐவி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிக்கிறதா, முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்பதையும் இதே சுற்றில் முடித்துவிடலாம்.

அப்புறம் மனைவி. கட்டிலுக்கு அடியில் ஒரு ஃபிளாஸ்க் இருக்கிறது. "ஒண்ணும் குடுக்கலீங்க சிஸ்டர், நாக்கு வறண்டு போச்சுன்னு ரெண்டு மடக்கு காப்பித்தண்ணி மட்டும்..." இந்தத் தகவல் எந்த கேஸ் ஷீட்டிலும் இருக்காது. திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை ஃபிளாஸ்க் பைக்குள் போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. உடனே டாக்டரிடம் சொல்லி, நோட்ஸில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: நர்சிங் டயக்னோசிஸ்

டாக்டரின் டயக்னோசிஸ் நோயைச் சொல்கிறது. நர்சிங் டயக்னோசிஸ், அந்த நோயும் சிகிச்சையும் இந்த மனிதருக்கு என்ன சிரமம் கொடுத்திருக்கின்றன, அதில் நர்ஸ் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்கிறது. அடைத்த ஓட்டையை நீங்கள் எதுவும் செய்ய முடியாது. இருமாமல் கிடக்கிறாரே, அதில் நிறையச் செய்யலாம்.

எழுதும் முறை மூன்று துண்டு: பிரச்சினை, காரணம், அதற்கான அடையாளங்கள். இவருக்கு முதலாவது இப்படி வரும்: "சளியை வெளியேற்ற இயலாமை. காரணம்: மேல்வயிற்றுக் காயத்தின் வலியால் இருமத் தயங்குவது, நீண்ட நாள் பீடிப் பழக்கத்தால் அதிகச் சளி. அடையாளம்: மூச்சு 24, மேலோட்டம், சாச்சுரேஷன் 94, நுரையீரல் அடியில் கரகரப்பு, இருமலை அடக்குகிறார்." இரண்டாவது கடும் வலி: திசு வெட்டப்பட்டது காரணம், இருமும்போது ஏழு, வயிற்றைப் பிடித்துக்கொள்வது அடையாளம். மூன்றாவது, தொற்று ஏற்படும் ஆபத்து: வயிற்றுக்குள் குடல் திரவம் சிந்தியது, காயம், கதீட்டர், டிரெயின், ஐவி. ஆபத்து என்று எழுதும்போது அடையாளம் என்ற துண்டு வராது, அடையாளம் இருந்தால் அது ஆபத்து இல்லை, வந்தே விட்டது. நான்காவது, வாய்வழி ஒன்றும் கூடாது என்பதும் எந்த மாத்திரை தன்னை இங்கே கொண்டுவந்தது என்பதும் குடும்பத்துக்குத் தெரியாதது. காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு.

மாணவிகளின் நோட்டில் இந்தக் கட்டத்தில் அடிக்கடி வரும் கோளாறு, காரணம் என்ற இடத்தில் நோயின் பெயரை எழுதுவது. "கடும் வலி, காரணம்: பெர்ஃபரேஷன் (ஓட்டை விழுந்தது)." சரி, அதை வைத்து நர்ஸ் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. காரணம் என்பது நீங்கள் கை வைக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். ஒரே பிரச்சினையைப் பாருங்கள்: சளியை வெளியேற்ற முடியவில்லை. காரணம் வலி என்றால் வலி மருந்துக்கு நேரம் பார்த்து இரும வைப்பது வேலை. காரணம் சளி கெட்டியாகி ஒட்டிக்கொண்டது என்றால் நீர்ச்சத்தும் நெபுலைசரும். காரணம் மயக்க மருந்தின் அசதியில் தூங்கிக்கொண்டே இருப்பது என்றால் எழுப்பி உட்கார வைப்பது, வலி மருந்தின் அளவு கூடிவிட்டதா என்று பார்ப்பது. பிரச்சினை ஒன்று, வேலை மூன்று விதம். காப்பியடித்த கேர் பிளான் விழுகிற இடம் இதுதான், போன பேட்ச் அக்காவின் நோயாளிக்கு வேறு காரணம் இருந்திருக்கும்.

நோயாளியைக் குறை சொல்லும் வார்த்தை டயக்னோசிஸில் வரக் கூடாது. "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று எழுதிவிட்டால் அடுத்த ஷிஃப்ட் ஸ்டாஃப் அவரை அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். வலியால் இரும மறுக்கிறார் என்றால் வலி என்று எழுதுங்கள்.

மூன்றாம் படி: பிளானிங்

முதலில் வரிசை. எது முதலில் என்பதற்கு மூச்சுக்குழாய், மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையையும், அடிப்படைத் தேவைகளை முதலில் வைக்கும் மாஸ்லோவின் வரிசையையும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதன்படி நம் பெரியவருக்கு மூச்சு சம்பந்தப்பட்டது முதலிடம். ஆனால் வேலையைத் தொடங்குவது வலியில், ஏனென்றால் மூச்சுப் பிரச்சினையின் காரணமே அதுதான். முக்கியத்துவத்தின் வரிசையும் செய்யும் வரிசையும் எப்போதும் ஒன்றாக இருக்காது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால் தயங்காமல் விளக்குங்கள், எக்ஸாமினர்களுக்குப் பிடிக்கும்.

அடுத்து இலக்கு. இலக்கில் நோயாளிதான் எழுவாய், நர்ஸ் இல்லை. "வலியைக் குறைத்தல்" என்பது உங்கள் ஆசை. "மதியம் 1 மணிக்குள், வயிற்றைத் தலையணையால் அணைத்துக்கொண்டு இருமும்போது வலி 4 அல்லது அதற்குக் கீழ் என்று நோயாளி சொல்வார்" என்பது இலக்கு. "மதியம் 1 மணிக்குள் மூச்சு 20-க்குள், சாச்சுரேஷன் 95-க்கு மேல், தானாக இருமிச் சளி துப்புவார்" என்பது இன்னொன்று. நேரம் இருக்கிறது, அளவு இருக்கிறது, வேறொருவர் வந்து பார்த்தாலும் நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். வலியே இருக்கக் கூடாது என்று எழுதாதீர்கள், வயிற்றைத் திறந்த மறுநாள் அது நடக்கிற காரியமில்லை. நீண்ட இலக்கும் ஒன்றிரண்டு வேண்டும்: வீட்டுக்குப் போவதற்குள் எந்த மாத்திரை கூடாது என்பதை அவரும் மனைவியும் தங்கள் வாயால் சொல்வார்கள், காயம் சீழில்லாமல் இருக்கும் என்பது போல.

இலக்கை அவரிடமும் சொல்லுங்கள். "ஐயா, மத்தியானத்துக்குள்ள நாலு தரம் நல்லா இருமிச் சளியைத் துப்பணும், அதுக்கு முன்னால வலி ஊசி போட்டுடறேன்" என்றால் அவருக்கும் ஒரு பிடி கிடைக்கும். என்ன நடக்கிறதென்று தெரியாமல் கிடப்பவர் எதற்கும் ஒத்துழைக்கத் தயங்குவார், அதில் ஆச்சரியமில்லை.

நான்காம் படி: இம்ப்ளிமென்டேஷன்

வேலைகள் மூன்று வகை. நீங்களாகவே செய்யக்கூடியவை, டாக்டர் ஆர்டரின் பேரில் செய்பவை, பிசியோ, டயட்டீஷியன் போன்றவர்களோடு சேர்ந்து செய்பவை. ஆர்டரின் பேரில் செய்வது என்றால் யோசிக்காமல் செய்வது என்று அர்த்தமில்லை.

வலி மருந்தையே எடுத்துக்கொள்வோம். ஆர்டரில் பாராசிட்டமால் 1 கிராம் ஐவி 6 மணிக்கொரு தடவை என்று இருக்கிறது. அதற்குக் கீழே, வழக்கமான போஸ்ட்-ஆப் ஆர்டர் பழக்கத்தில், டைக்ளோஃபெனாக் ஊசியும் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நில்லுங்கள். இந்த மனிதருக்கு ஓட்டை விழுந்ததே அந்த வகை மாத்திரையால்தான் இருக்கும். போடாமல் நிறுத்தி, "டாக்டர், இவர் அல்சர் பெர்ஃபரேஷன் கேஸ், டைக்ளோ எழுதியிருக்கு, மாத்தித் தர்றீங்களா?" என்று கேட்பது உங்கள் வேலைதான். முதல் படியில் மூட்டுவலி மாத்திரை என்று விசாரித்து எழுதியிருந்தால் இது கண்ணில் படும். இல்லாவிட்டால் ஊசி போய்விடும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஒப்பிப்போமே, அந்த சரியான மருந்து என்பதற்குள் இதுவும் அடக்கம்.

டிராமடால் போன்ற வலி மருந்து கொடுத்தால் குமட்டலையும் அசதியையும் கவனியுங்கள். பாராசிட்டமாலை 15 நிமிடத்தில் ஏற்றுங்கள். ஏற்றி முடித்து அரை மணி நேரம் விட்டு இருமல் பயிற்சி. மருந்து ஒரு நேரம், பயிற்சி இன்னொரு நேரம் என்று தனித்தனியாக ஓடினால் இரண்டும் வீண்.

பயிற்சி இப்படி. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள், முழங்காலை லேசாக மடக்கச் சொல்லுங்கள், வயிற்றுத் தசை தளரும். ஒரு தலையணையை, தலையணை இல்லையென்றால் மடித்த போர்வையை, காயத்தின் மேல் வைத்து அவர் இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ளட்டும். மூன்று முறை மெதுவாக ஆழ்ந்த மூச்சு. பிறகு தலையணையை அழுத்திக்கொண்டு வாயைத் திறந்து இரண்டு இருமல். "தையல் பிரிஞ்சுருமா கண்ணு?" என்று நிச்சயம் கேட்பார். இந்தப் பயம் வலி அளவுக்கே அவரைத் தடுக்கிறது. "தலைகாணியை அமுக்கிப் புடிச்சுக்கிட்டா பிரியாதுங்க ஐயா, இருமாம சளி கட்டிக்கிட்டாத்தான் கஷ்டம்" என்று சொல்லுங்கள்.

மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் அதைக் கையில் வாங்கியவுடன் ஊதுகிறார்கள். ஊதினால் பந்து எழும்பாது, "கெட்டுப்போச்சு" என்று ஸ்டூலில் வைத்துவிடுவார்கள், அது அங்கேயே டிஸ்சார்ஜ் வரை இருக்கும். அது உறிஞ்சுகிற கருவி. முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயை இறுக்கமாக வைத்து, இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல மெதுவாக இழுக்க வேண்டும். பந்து எழும்பியதும் மூன்று எண்ணும்வரை நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு பந்து எழும்ப நொடிக்கு 600 மில்லி, இரண்டுக்கு 900, மூன்றுக்கு 1200 வேகத்தில் காற்று போக வேண்டும். முதல் நாளில் ஒரு பந்து போதும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை. சட்டென்று இழுத்து மூன்று பந்தையும் மோதவைப்பதை விட, ஒரு பந்தைப் பிடித்து நிறுத்துவது நல்லது. மனைவிக்கும் காட்டிக்கொடுங்கள், முப்பது பேர் வார்டில் மணிக்கொரு தடவை நீங்கள் வந்து நிற்க முடியாது.

எழுப்பி உட்கார வைப்பதும் இன்றே. முதலில் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காரட்டும், பிபி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலோ, கிறுகிறுப்பு வந்தாலோ திரும்பப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் நாற்காலிக்கு மாறட்டும். டிரெயினும் யூரின் பேக்கும் இழுபடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழேயே, தரையில் படாமல். உட்கார்ந்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், காலில் ரத்தம் தேங்காமல் இருக்கும்.

நாக்கு வறட்சிக்கு ஒரு வழி செய்யாமல் "ஒண்ணும் கொடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் ஃபிளாஸ்க் திரும்ப வரும். வாயைத் துடைத்துவிடுங்கள், கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், உதட்டுக்கு வாசலின் தடவ மனைவியிடம் சொல்லுங்கள். ஏன் கூடாது என்பதையும் சொல்லுங்கள்: "உள்ள ஓட்டையை அடைச்சிருக்காங்கம்மா, அது ஒட்டறதுக்கு நாள் ஆகும், டாக்டர் சொல்ற வரைக்கும் தண்ணிகூட வேண்டாம்."

தொற்றுக்கு, கை கழுவுதல்தான் முதலும் முக்கியமும். ஆன்டிபயாடிக்கை நேரம் தவறாமல் போடுங்கள், கதீட்டர் எப்போது எடுக்கலாம் என்று ரவுண்ட்ஸில் நீங்களே கேளுங்கள். தேவையில்லாமல் ஒரு நாள் கூடுதலாக இருக்கிற கதீட்டரும் ஒரு வாசல்.

ஐந்தாம் படி: இவால்யூவேஷன்

நோட்டுகளில் இந்தக் கட்டத்தில் "இலக்கு ஓரளவு எட்டப்பட்டது" என்று பத்துப் பக்கத்திலும் ஒரே வாக்கியம் இருக்கும். இலக்கை ஒழுங்காக எழுதியிருந்தால் இப்படி மழுப்ப முடியாது. மதியம் 1 மணிக்குப் போய் அதே விஷயங்களை அதே முறையில் திரும்பப் பாருங்கள்: இருமச் சொல்லி வலி, முழு நிமிடம் எண்ணி மூச்சு, முதுகில் ஸ்டெத். இருமும்போது வலி 4, மூச்சு 20, சாச்சுரேஷன் 96, இரண்டு முறை மஞ்சளாகச் சளி துப்பினார், அடியில் கரகரப்பு குறைவு ஆனால் இருக்கிறது. எண்களில் இலக்கு எட்டியாயிற்று. பிரச்சினை தீரவில்லை, திட்டம் தொடரும்.

எட்டவில்லை என்றால்? நோயாளி மீது பழி போடும் முன், பின்னோக்கி நடங்கள். செய்யச் சொன்னது நடந்ததா? மருந்து 10 மணிக்குப் போகாமல் 12 மணிக்குப் போயிருக்கலாம். இலக்கு மிகப் பெரிதா? காரணத்தையே தவறாகப் பிடித்தோமா? முதல் பார்வையில் எதையாவது விட்டோமா? ஐந்து படிகளும் வட்டமாக ஓடுகின்றன என்று புத்தகத்தில் படம் போடுவது இதற்காகத்தான்.

இன்னொரு நிலைமையையும் பார்த்துவிடுவோம். சாயங்காலம் 6 மணிக்கு அதே பெரியவர்: காய்ச்சல் 101.6, நாடி 118, மூச்சு 28, சாச்சுரேஷன் 90, கொஞ்சம் குழப்பமாகப் பேசுகிறார். இங்கே கேர் பிளானைத் திருத்திக்கொண்டு உட்காரக் கூடாது. நிமிர்த்தி உட்கார வையுங்கள், வார்டு நடைமுறைப்படி ஆக்சிஜன் தொடங்குங்கள், ஒருவரை அருகில் நிறுத்திவிட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். நீண்ட நாள் பீடி குடித்தவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கலாம், அதனால் சாச்சுரேஷன் எவ்வளவில் நிறுத்துவது என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் "டாக்டர், அந்தப் பெரியவர் கொஞ்சம் சரியில்லை, வந்து பாருங்க" என்றால் அவர் சாப்பிட்டுவிட்டு வருவார். நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் கோரிக்கை என்ற எஸ்பார் வரிசையில் சொல்லுங்கள். அமெரிக்கக் கடற்படையில் தொடங்கி மருத்துவமனைக்கு வந்த முறை இது. "டாக்டர், சர்ஜரி வார்டு ஸ்டாஃப் பேசறேன். பெட் 14, மூச்சு 28, சாச்சுரேஷன் 90-க்கு எறங்கிருச்சு. நேத்து ராத்திரி பெர்ஃபரேஷனுக்கு ஆபரேஷன் ஆனவர், மத்தியானம் சாச்சுரேஷன் 96 இருந்துச்சு. இப்போ காய்ச்சல் 101.6, நாடி 118, பேச்சு குழம்புது. நெஞ்சுல சளியோ, உள்ள கசிவோ, செப்சிஸ்ஸோன்னு சந்தேகமா இருக்கு. இப்பவே வந்து பாருங்க, வர்றதுக்குள்ள பிளட் டெஸ்ட் ஏதாவது எடுக்கவா?" அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் சொல்ல முடிவதற்குக் காரணம், காலையிலும் மதியத்திலும் நிஜமாகவே எண்ணி எழுதிய எண்கள். சார்ட்டில் எல்லாம் 18, 20 என்று இருந்தால் மாற்றமே தெரியாது.

எழுதுவது பற்றிச் சில வார்த்தை

செய்ததைச் செய்த பிறகு எழுதுங்கள். ஷிஃப்ட் தொடக்கத்திலேயே மதியம் வரைக்கும் முன்கூட்டி நிரப்பி வைக்கிற பழக்கம் இருக்கிறதே, அது பொய்ப் பதிவு, பிரச்சினை என்று வந்தால் உங்களைத்தான் முதலில் பிடிக்கும். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு, கையெழுத்தும் நேரமும் போடுங்கள், ஒயிட்னர் வேண்டாம். டாக்டரைக் கூப்பிட்ட நேரம், சொன்னது, அவர் சொன்னது மூன்றும் நோட்ஸில் இருக்க வேண்டும். பெரிய கேர் பிளான் எழுத நேரமில்லாத வார்டில் நான் சொல்வது ஒன்றுதான்: ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் பிரச்சினை ஒன்று, அதன் காரணம், அடுத்த ஷிஃப்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வரி. ஹேண்டோவருக்கும் அதையே சொல்லலாம். "பெட் 14 ஸ்டேபிள்" என்பதைவிட "பெட் 14, வலியால் இருமுவதில்லை, மருந்து 4 மணிக்கு, அரை மணி கழித்து இரும வையுங்க, மூச்சு எண்ணுங்க" என்பது அடுத்தவருக்குப் பயன்படும்.

கடைசியாக டிஸ்சார்ஜ். நம் பெரியவர் தேறி, சாப்பிட ஆரம்பித்து, வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்காவதாக எழுதிய அறியாமைப் பிரச்சினை இன்னும் திறந்தே கிடக்கிறது, அதை மூடாமல் அனுப்பக் கூடாது. சொல்லி அனுப்ப வேண்டியவை: பீடியை விடுவது, அல்சர் கிருமிக்குக் கொடுத்த மாத்திரைகளை நடுவில் நிறுத்தாமல் முடிப்பது, மலம் கறுப்பாகப் போனாலோ, காயத்தில் சீழ் வந்தாலோ, மறுபடி வயிறு இறுகினாலோ உடனே வருவது. எல்லாவற்றுக்கும் மேலே மூட்டுவலி மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் "மூட்டுவலிக்கு ஒண்ணு குடுங்க" என்றால் பல நேரம் கிடைப்பது அசிக்ளோஃபெனாக்கும் (இதுவும் டைக்ளோஃபெனாக் வகைதான்) பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை. பாராசிட்டமால் என்று அட்டையில் பார்த்துவிட்டு இது நமக்கு ஆகும் என்று போட்டுவிடுவார்கள், அதனால் கலப்பு மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள், வீட்டில் மிச்சம் இருக்கும் அட்டையை எடுத்துவரச் சொல்லிக் காட்டுங்கள்.

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதாங்க?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "அம்மா, ஐயாவுக்கு மறுபடி கால் வலிச்சா கடையில போய் என்ன சொல்லுவீங்க?" என்று மனைவியைக் கேளுங்கள். "வயித்துல புண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு, டாக்டரைக் கேக்காம எதுவும் வேண்டாம்னு சொல்லிப்போடறனுங்க" என்று வந்தால் சரி. வேறு மாதிரி வந்தால் மறுபடி சொல்லிக்கொடுத்து மறுபடி கேளுங்கள், நோட்ஸில் "அறிவுரை வழங்கப்பட்டது" என்று முடிக்காமல் அந்தம்மா சொன்ன பதிலையே எழுதுங்கள்.